மூன்று வருடமாகப் பஞ்சுமொட்டு வராத புஸ்ஸி வில்லோ

நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டின் பின்வளவில் மூன்று வருடத்துக்கு முன் வைத்த புஸ்ஸி வில்லோ, அதாவது பனிக்காலம் முடிகிறபோது பஞ்சுபோன்ற மொட்டு விடுகிற வில்லோச் செடி, ஒவ்வொரு கோடையிலும் ஆளுயரத்துக்கு மேல் தழைத்து நிற்கிறது. ஆனால் மார்ச் மாதம் பக்கத்துத் தெருவில் தெரிகிற அந்தச் சாம்பல்நிறப் பஞ்சுமொட்டு உங்கள் செடியில் ஒன்றுகூட வருவதில்லை, ஏன்? கறுப்பிலும் இளஞ்சிவப்பிலும் மொட்டு விடுகிற வகைகள் ரொறன்ரோக் குளிரைத் தாங்குமா? யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு தடி வெட்டிக் கொண்டுபோய் நட்டால் பிடிக்குமா? இவற்றுக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு ஒக்ரோபரிலும் பனி விழ முன்னர் உங்கள் கணவர் அதை இடுப்பளவுக்கு வெட்டிச் சீராக்கிவிடுவார், இந்தச் சனிக்கிழமையும் வெட்ட இருக்கிறார் என்று. முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அந்தப் பஞ்சுமொட்டு மார்ச்சில் வெளியே தலை காட்டுகிறதே தவிர, உருவாவது அதற்கு முந்தின கோடையில். அந்த வருடம் ஓடின புதுக்கிளையில், இலைக்காம்பு கிளையோடு சேர்கிற இடத்தில், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பூமொட்டு கட்டத் தொடங்கும். இலை உதிர்கிற நேரம் அது முழுசாகத் தயாராகி, ஒரே ஒரு செதிளைத் தொப்பிபோல மூடிக்கொண்டு குளிருக்குக் காத்திருக்கும். மற்ற மரங்களின் மொட்டுக்குப் பல செதிள்கள் ஓடு அடுக்கினமாதிரி இருக்கும், வில்லோவுக்கு ஒன்றுதான். இப்போது உங்கள் செடிக்குப் பக்கத்தில் போய் ஒரு புதுக்கிளையைக் கிட்டத்தில் பாருங்கள். கிளையோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கிற சின்ன மொட்டு இலைமொட்டு. உப்பலாக, பளபளப்பான மண்ணிறத்தில் சற்று விலகி நிற்பது பூமொட்டு. உப்பலான ஒன்றின் அடியில் நகத்தை வைத்து அந்தத் தொப்பியைக் கழற்றினால் உள்ளே ஈரமான வெள்ளிப் பட்டுநூல் சுருட்டி வைத்ததுபோல இருக்கும். அடுத்த மார்ச்சில் நீங்கள் பார்க்க வேண்டிய பூ அதுதான். இடுப்பளவுக்கு வெட்டுகிறபோது அந்த வருடத்துப் புதுக்கிளை எல்லாம் போய்விடுகிறது. மிஞ்சுகிற பழைய கட்டையில் பூமொட்டு கட்டுவதில்லை. மூன்று வருடமாக உங்கள் வீட்டுப் பூ, தோட்டக்கழிவோடு தெருவோரம் வைக்கிற காகிதப் பையில் போயிருக்கிறது.

வெட்டவே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். புஸ்ஸி வில்லோ வெட்ட வெட்டச் செழிக்கிற செடி. வெட்டாமல் விட்டால் வட அமெரிக்கக் காட்டு வகை 6 மீற்றர் வரை போய், பூவெல்லாம் எட்டாத உயரத்தில் நிற்கும், கீழே மொட்டையான கால்கள் மட்டும் தெரியும். மாற்ற வேண்டியது மாதத்தைத்தான். பஞ்சுமொட்டு வெளிவந்து, மஞ்சள் மகரந்தம் கொட்டி, பூங்கதிர்கள் உதிரத் தொடங்குகிற நேரம், இலை முழுசாக விரிய முன்னர், அதாவது ரொறன்ரோவில் அநேகமாக ஏப்ரல் பிற்பாதியில், வெட்டுங்கள். அப்போது வெட்டினால் அடுத்த கிளை ஓடி முற்றி மொட்டுக் கட்ட முழுக் கோடையும் அதற்குக் கிடைக்கும். ஜூன் கடைசிக்குப் பிறகு வெட்டுகிற ஒவ்வொரு கிளையும் அடுத்த வருடப் பூவிலிருந்து கழிகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுச் செடியையும் நிலத்திலிருந்து 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரை விட்டு அடியோடு வெட்டுவது. வேர் நன்றாகப் பிடித்த செடி என்றால் அந்த ஒரே கோடையில் ஒன்றரை, இரண்டு மீற்றர் நீளத்துக்குக் கிளைகள் நேராக எழும்பும், அவற்றில் நீளம் முழுக்க மொட்டு வரிசையாக இருக்கும். பூக்கடைக்குத் தடி வளர்ப்பவர்கள் செய்வது இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு ஏப்ரலிலும் மிகப் பழைய, தடித்த கிளைகளில் மூன்றிலொன்றை மட்டும் அடியில் வெட்டி எடுப்பது. மூன்று வருடத்தில் முழுச் செடியும் புதிதாகிவிடும், எந்த வருடமும் வளவு வெறுமையாகத் தெரியாது. வீட்டுத் தோட்டத்துக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. அடியோடு வெட்டுவதானால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், நட்டு இரண்டு வருடம் ஆகாத செடியில் அதைச் செய்யவே கூடாது. வேரில் சேமிப்பு இல்லாத செடி அந்த வெட்டிலிருந்து எழும்பச் சிரமப்படும்.

ஒக்ரோபர் வெட்டுத்தான் காரணம் என்று நான் ஏறக்குறைய உறுதியாகச் சொன்னாலும் செடியை நேரில் பார்க்கவில்லை. அதனால் மற்றக் காரணங்களையும் நீங்களே சரிபாருங்கள். முதலாவது வெயில். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர்வெயில் வேண்டும். மேப்பிள் மரத்தின் கீழோ வீட்டின் வடக்குச் சுவரோரமோ நட்டிருந்தால் இலை நன்றாக இருக்கும், மொட்டு ஐதாக இருக்கும். இரண்டாவது பசளை. புல்தரைக்குப் போடுகிற நைதரசன் பசளை வில்லோவின் வேருக்கும் போகும். இலை கரும்பச்சையாக, கிளை மெத்தென்று நீண்டு, இலையுதிர்காலம் வந்தும் முற்றாமல் நிற்கும். அப்படிப்பட்ட கிளையின் நுனி குளிரில் கருகிவிடும். வில்லோவுக்குத் தனியாகப் பசளை தேவையில்லை. வசந்தத்தில் அடியைச் சுற்றி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கனத்துக்குக் கூட்டெரு போட்டால் தாராளம். மூன்றாவது முயல். ரொறன்ரோவில் முயல் இல்லாத வளவு குறைவு, பனிக்காலத்தில் அவற்றுக்கு வில்லோ நுனியும் பட்டையும் விருந்து. கத்தியால் சரிவாக வெட்டினதுபோல நுனி சுத்தமாகப் போயிருந்தால் முயல். பிய்த்து நாராகத் தொங்கினால் மான். செடியைச் சுற்றிச் சிறுகண் கம்பிவலையை நிறுத்துங்கள். பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நின்று எட்டிக் கடிக்கும் என்பதால் வலை பனிமட்டத்துக்கு மேல் 60 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். இவை எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியாக ஒன்று இருக்கிறது: அது புஸ்ஸி வில்லோவே இல்லாமல் இருக்கலாம். இலை வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து வந்தால் அது இலை அழகுக்காக விற்கிற ஹகுரோ நிஷிகி. கிளை முறுக்கிச் சுருண்டு போனால் சுருள் வில்லோ. இரண்டிலும் நீங்கள் தேடுகிற பஞ்சுமொட்டுக் காட்சி கிடைக்காது.

ஆண், பெண் விடயமும் இதோடு சேர்ந்தது. பனையில் ஆண்பனை, பெண்பனை என்று தனித்தனி மரம் இருப்பதுபோல வில்லோவிலும் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. இரண்டுக்குமே பஞ்சுமொட்டு வரும். ஆனால் அலங்காரத்துக்கு வேண்டியது ஆண்செடி. அதன் கதிர் பருமனாக வரும், வெள்ளியிலிருந்து மெல்லச் சிவந்து, பிறகு ஒவ்வொரு மயிருக்கு நடுவிலும் மஞ்சள் மகரந்தப் பை நீட்டிக்கொண்டு நிற்கும். பெண்கதிர் சற்று மெலிந்து, பச்சை கலந்து, பிறகு விதையோடு பஞ்சாகப் பறக்கும். பெயர் வைத்து விற்கிற வகைகள் ஒரே தாய்ச்செடியின் தடியிலிருந்து பெருக்கப்பட்டவை, ஆகவே பால் மாறாது. நாட்டுத் தாவரங்களை விதையிலிருந்து வளர்த்து விற்கிற நேர்சரியில் சாலிக்ஸ் டிஸ்கலர் என்ற காட்டு வகையை வாங்கினால் ஆணா பெண்ணா என்று முதல் பூ வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. அங்கே மார்ச் கடைசியில் போய், பூவோடு நிற்கிற செடியைப் பார்த்து வாங்குவதே நல்லது. டிஸ்கலர் என்ற பெயர் இலையின் இரண்டு நிறத்தைக் குறிப்பது, மேலே பச்சை, கீழே வெளிறிய வெண்மை. ஐரோப்பிய வகையான சாலிக்ஸ் கப்ரேயாவின் இலை அதைவிட அகலம், சுருக்கம் விழுந்தது, அடிப்பக்கம் தடவினால் மெத்தென்று இருக்கும். கடைகளில் இரண்டும் புஸ்ஸி வில்லோ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன, ரொறன்ரோவில் இரண்டும் நன்றாக வரும்.

இனி நிறம். கறுப்பு மொட்டு வகையின் பெயர் மெலனோஸ்டாகிஸ். ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் சாலிக்ஸ் கிராசிலிஸ்டைலா இனத்திலிருந்து வந்தது, ஆண்செடி. இதன் கதிரில் வெள்ளி மயிர் கிடையாது, அதனால்தான் உள்ளே இருக்கிற கரிய செதிள்கள் அப்படியே வெளியே தெரிகின்றன. பூக்கிறபோது அந்தக் கறுப்பிலிருந்து செங்கல் நிறத்தில் மகரந்தப் பைகள் வெளிவந்து, வெடித்ததும் மஞ்சளாகும். ஒரே கதிரில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றையும் ஒரு நாள் பார்க்கலாம். இதற்காகவே இதை வாங்கலாம் என்பேன். இளஞ்சிவப்பு வகை மவுண்ட் அசோ. ஜப்பானில் பூக்கடைத் தடிக்காக வளர்க்கப்பட்ட வகை, கியூஷு தீவின் எரிமலையின் பெயர் வைத்தது. மொட்டுத் தொப்பி கழன்ற புதிதில் நல்ல இளஞ்சிவப்பு, பிறகு நாளாக ஆக வெள்ளி ஓடும். கடைப் படங்களில் இருக்கிற அழுத்தமான நிறத்தை ஏப்ரல் வரை எதிர்பார்க்க வேண்டாம், அந்தப் படங்கள் முதல் சில நாட்களில் எடுக்கப்பட்டவை. இரண்டும் அநேகமாக 2 மீற்றரிலிருந்து 3 மீற்றருக்குள் நிற்கும், 5ஆம் குளிர்வலயம் வரை தாங்கும் (வலய எண் குறையக் குறையக் குளிர் கூடும்), ஆகவே ரொறன்ரோ நிலத்தில் பயமில்லை. தொட்டியில் வைத்தால் கதை வேறு. நிலத்துக்குள் இருக்கிற வேரைவிடத் தொட்டி வேர் மிகக் கூடுதலான குளிரை வாங்கும், பல்கனியில் இவற்றை வைக்கச் சொல்லமாட்டேன். இன்னும் பெரிய மொட்டு வேண்டுமென்றால் ஜப்பானியப் பெரும் புஸ்ஸி வில்லோ எனப்படும் சாலிக்ஸ் கேனோமெலோய்டிஸ் உண்டு. அதன் மொட்டுத் தொப்பியே குளிர்காலம் முழுக்கச் சிவந்து பளபளக்கும். ஆனால் அது 6ஆம் வலயத்துச் செடி, குளிர்காற்று நேரே அடிக்கிற திறந்த வளவில் நுனி கருகலாம்.

சிறிய வளவுக்கு எல்லோரும் வாங்குவது கில்மார்நொக். குடைபோலக் கிளை கவிழ்ந்து நிற்கிற சின்ன மரம். இது ஒட்டுச்செடி, நேரான ஒரு தண்டின் உச்சியில் கவிழ்கிற கிளையை ஒட்டியிருப்பார்கள். அதனால் உயரம் ஒட்டுக் கட்டின இடத்தோடு நின்றுவிடும், 2 மீற்றரைப் பெரும்பாலும் தாண்டாது. இதில் நடக்கிற பிழை எப்போதும் ஒன்றுதான். தண்டிலிருந்தோ அடியிலிருந்தோ நிமிர்ந்த கிளை ஒன்று ஓடும், செடி நன்றாக வளர்கிறது என்று அதை விட்டுவிடுவார்கள். அது ஒட்டுக்குக் கீழே இருக்கிற வேர்ச்செடியின் கிளை. இரண்டு வருடத்தில் அது மேலே இருக்கிற குடையைப் பட்டினி போட்டுவிடும். பச்சையாக முளைக்கும்போதே விரலால் உரசித் தள்ளிவிடுங்கள். குடைக்குள் செத்த குச்சிகள் கூடுபோலச் சேரும், அவற்றைப் பூ முடிந்ததும் களைந்து, கவிழ்ந்த கிளைகளை உச்சிக்குக் கிட்ட இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே ஒருபோதும் வெட்டக் கூடாது, அங்கே வெட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செடி போய்விடும்.

நட இடம் தெரிவு செய்கிறபோது அழகுக்கு முன்னால் குழாய்களை யோசியுங்கள். வில்லோ வேர் தண்ணீரைத் தேடிப் போகிற வேர். நல்ல குழாயை அது உடைப்பதில்லை, ஆனால் கசிகிற மூட்டு ஒன்று கிடைத்தால் மயிரிழையாக உள்ளே புகுந்து குழாயையே அடைத்துவிடும். 1950, 60களில் கட்டின வீடுகளில் தெருவுக்குப் போகிற கழிவுக்குழாய் சுட்ட களிமண்ணாக இருக்கக்கூடும், அதன் மூட்டுகள் கசிவது சாதாரணம். கழிவுக்குழாய், வீட்டு அத்திவாரத்தைச் சுற்றியிருக்கிற வடிகுழாய் இரண்டிலிருந்தும் 10 மீற்றர் தள்ளி வைப்பது பத்திரம். அவ்வளவு தூரம் கிடைக்காத வளவில் கில்மார்நொக் போன்ற சின்னது மட்டும் வையுங்கள். குழி தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைத்தால் எரிவாயு, மின்சாரக் கம்பிகள் போகிற இடத்தை வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் அடையாளம் போட்டுத் தருவார்கள்.

நடுவது எளிது. குழி வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம். தோண்டின மண்ணையே திரும்பப் போடுங்கள். களிமண் வில்லோவுக்குப் பிரச்சினையில்லை, மற்றச் செடிகள் அழுகுகிற ஈரப்பள்ளத்திலும் இது நிற்கும். மண் காய்வதுதான் எதிரி. முதல் இரண்டு கோடையும் மழை இல்லாத வாரங்களில் 10 முதல் 15 லீற்றர் தண்ணீர் ஒரேயடியாக, மெதுவாக ஊற்றுங்கள். நாள்தோறும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மரச்சீவலை 5, 6 சென்ரிமீற்றர் கனத்துக்கு மூடாக்காகப் போட்டு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். செடிக்குச் செடி 2 முதல் 3 மீற்றர்.

மார்ச்சில் வளவு என்ன நிறத்தில் இருக்கும் என்பதை நினைத்து இடம் வைக்க வேண்டும். அழுக்குப் பனி, ஈரமண், பழுப்புப் புல், மரவேலி. கறுப்பு மொட்டைப் பழுப்பு வேலிக்கு முன்னால் வைத்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளைச் சுவரோ வெளிறிய கராஜ் பக்கமோ பின்னால் இருக்க வேண்டும். வெள்ளி மொட்டுக்கு நேர்மாறு. பின்னால் சீடர் வேலிபோலக் கரும்பச்சை வேண்டும், சூரியன் மொட்டுக்குப் பின்னாலிருந்து உங்கள் கண்ணைப் பார்க்க வேண்டும். பின்வெயில் பட்டால் ஒவ்வொரு மொட்டைச் சுற்றியும் ஒளிவளையம் கட்டும். குசினி யன்னல் தெற்குப் பார்த்திருந்தால் அதன் நேரே வையுங்கள். சிவப்புத் தண்டுக்கு ரெட் ஓசியர் டொக்வுட், ஆரஞ்சுத் தண்டுக்குச் சாலிக்ஸ் அல்பா பிரிட்சென்சிஸ், மஞ்சள் பூவுக்கு விச் ஹேசல், அடியில் ஸ்னோட்ரொப், குரோக்கஸ் கிழங்குகள் என்று சேர்த்தால் மற்ற வளவுகள் தூங்குகிற நேரம் உங்கள் வளவு விழித்திருக்கும். தண்டு நிறத்துக்காக வளர்க்கிற செடிகளில் ஒரு வருடக் கிளைதான் பளிச்சென்று இருக்கும், அவற்றையும் வசந்தத்தில்தான் வெட்ட வேண்டும்.

பூ மஞ்சளாகிற அந்த வாரம் அருகில் நின்று பாருங்கள். குளிர்காலம் முழுக்க நிலத்துக்குள் கிடந்த வண்டுத்தேனீ ராணிகளும், மண்ணில் வளை தோண்டி வாழ்கிற தனித்தேனீக்களும் முதலில் வருகிற இடங்களில் இது ஒன்று. வில்லோ மகரந்தத்தை மட்டுமே குஞ்சுக்குச் சேர்க்கிற தேனீ இனங்களும் உண்டு. அதனால் பூ இருக்கும் நாட்களில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தோட்ட அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதற்குத் தடை இருக்கிறது. பழைய போத்தல்களைத் தேடி எடுக்க வேண்டாம். ஜூனில் இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சினால், நீலக் கறுப்பில் மினுங்குகிற 4, 5 மில்லிமீற்றர் வண்டைத் தேடுங்கள், வில்லோ இலைவண்டு. வேர்பிடித்த செடி அதனால் சாகாது. குழாய்த்தண்ணீரை வேகமாக அடித்துப் புழுக்களைக் கீழே தள்ளினால் போதும். முள்ளு முள்ளாக, கறுப்பில் சிவப்புப் புள்ளியோடு கூட்டமாகப் புழு கண்டால் தொடவேண்டாம், அது மோர்னிங் குளோக் வண்ணத்துப்பூச்சியின் புழு. கிளை நுனியில் பைன் கூம்புபோலச் சாம்பல்நிறத்தில் ஒன்று நின்றால் அது காயும் இல்லை, பெரிய மொட்டும் இல்லை. ஒரு சிறு ஈ முட்டையிட்டதால் கிளைநுனி கட்டின முடிச்சு. அதற்கு மேல் அந்தக் கிளை வளராது, வெட்டி அகற்றலாம். கவனிக்க வேண்டியது பட்டை கறுத்துக் குழி விழுவது. அப்படிக் கண்டால் காய்ந்த நாளாகப் பார்த்து, குழிக்கு 15 சென்ரிமீற்றர் கீழே, உள்மரம் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை 70 வீத அற்ககோலால் துடையுங்கள்.

தடி நடுவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலிக்குக் கிளுவங் கதியால் போட்டவர்களுக்கு இது அதே வேலை. இலை விட முன்னர், மண் இளகுகிற மார்ச் கடைசியில், பென்சில் தடிப்பில் ஒரு வருடக் கிளையை 25, 30 சென்ரிமீற்றராக வெட்டுங்கள். அடியை மட்டமாகவும் நுனியைச் சரிவாகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழம்பாது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், இரண்டு மூன்று மொட்டு வெளியே. தண்ணீர்ப் போத்தலில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் தெரியும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் பொட்டென்று முறியும், அது ஒரு அங்குலம் ஆக முன்னரே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வில்லோக் குச்சி ஊறின தண்ணீரை மற்றச் செடித் தடிகளுக்கு ஊற்றினால் வேர் விரைவாக வரும் என்று பலர் சொல்வார்கள். வில்லோவில் வேர்விடத் தூண்டும் பொருட்கள் இருப்பது உண்மை. வீட்டில் ஊறவைத்த தண்ணீரில் அவை போதிய அளவு இறங்குகின்றனவா என்பது வேறு கேள்வி, கிடைக்கிற பலன் ஒரே சீராக இல்லை. கெடுதி இல்லை, செய்து பார்க்கலாம், நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் பெப்ரவரி கடைசியில், மொட்டு வீங்கித் தொப்பி நெகிழத் தொடங்கும்போது, நெருக்கமான நடுப்பகுதியிலிருந்து 60 முதல் 90 சென்ரிமீற்றர் நீளத் தடிகளை எடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி, ஹீற்றர் காற்றுப் படாத குளிர்ந்த அறையில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளி வெளிவரும். வந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் சாடியில் நிறுத்துங்கள். அப்படியே காய்ந்து வருடக்கணக்கில் இருக்கும். தண்ணீரிலேயே விட்டால் மகரந்தம் மேசையெல்லாம் கொட்டும், பிறகு இலையும் வேரும் வரும். சிங்கப்பூர், மலேசியாவில் சீனப் புத்தாண்டுக்கு இந்தத் தடிகளைக் கட்டுக் கட்டாக விற்பார்கள், சீனப் பெயரிலேயே வெள்ளி இருக்கிறது. குருத்தோலை கிடைக்காத போலந்திலும் உக்ரைனிலும் குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோவதும் இந்தக் கிளைதான்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தச் செடி சரிவராது. இது குளிரில் பல வாரம் தூங்கி எழும்பினால்தான் ஒழுங்காக மொட்டு அவிழ்க்கும். 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான ஊரில் தூங்கவும் மாட்டாது, எழும்பவும் மாட்டாது. தடி ஒருவேளை வேர்விட்டு இலை காட்டலாம், பிறகு இளைத்து இளைத்துப் போய்விடும். தென்னிந்திய மலை ஓடைக்கரைகளில் ஆற்றுப்பாலை என்று ஒரு வில்லோ வளர்கிறது, ஆனால் அது வெப்பநாட்டுக்குப் பழகின வேறினம். தவிர, உயிருள்ள தடியை இலங்கைக்குள் கொண்டுபோக முன் அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், பயணப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகிற பொருள் இல்லை அது. அம்மாவுக்கு மார்ச்சில் நல்ல வெயிலில் எடுத்த படங்களை அனுப்புங்கள்.

சனிக்கிழமை வெட்ட இருந்த நேரத்தில், வெட்டாமல், இரண்டு பேரும் சேர்ந்து ஐந்தாறு உப்பல் மொட்டை மட்டும் நகத்தால் திறந்து பாருங்கள். உள்ளே பட்டுநூல் இருந்தால் மார்ச் வரை ஒன்றும் செய்ய வேண்டாம், முயலுக்கு வலை போட்டால் போதும். எல்லா மொட்டும் தட்டையாக, உள்ளே பச்சையாக மட்டும் இருந்தால் இலையின் இரு பக்கமும், திறந்த மொட்டும், தண்டு மண்ணைத் தொடுகிற இடமும் தெரிகிறமாதிரி படம் எடுத்து இங்கேயே போடுங்கள், அது என்ன செடி என்பதிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.